வளாக நேர்காணலில் வர்க்கம்

ஆசிரியருக்கு,

திறமை உள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்று நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆளெடுக்கும் வளாக நேர்காணல்கள் குறித்த தங்கள் தலையங்கம் கூறுகிறது. 1945-இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் டேவிஸும் மூரும் முன்வைத்த வாதம்தான் இது. முக்கியமான பணிகளுக்குத் தகுதியானவர்களை ஈர்க்கவே சமூகம் வெகுமதிகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறது என்றார்கள். சரி, அந்தத் தகுதி எங்கிருந்து வருகிறது? மார்க்ஸ் உடைமையைச் சுட்டினார். ஜெர்மானியச் சமூகவியலாளர் வெபர் சமூக மதிப்பையும் சேர்த்தார். பிரெஞ்சு அறிஞர் பூர்தியூவோ வீட்டில் பழகும் பேச்சும் நடையும்கூட ஒரு மூலதனமே என்றார். அதைத்தான் நாம் திறமை என்று எண்ணி மதிப்பெண் போடுகிறோம்.

மதுரையில் கல்லூரி ஆசிரியராக இதை நேரில் பார்க்கிறேன். எழுத்துத் தேர்வில் முன்னால் நிற்கும் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், ஆங்கிலக் குழு விவாதத்தில் வாய் திறக்க முடியாமல் வெளியேறுகிறார்கள். (இத்தனைக்கும் வேலை கணினித் திரைக்கு முன்னால்தான்!) மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததும் இத்தகைய இடைவெளியை அரசு ஒப்புக்கொண்டதால்தானே? அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு வரும் நிறுவனங்கள் முதல் சுற்றையாவது தமிழில் நடத்த வேண்டும் என்று உயர்கல்வித் துறை நிபந்தனை விதிக்கலாம்.

– சமூகவியல் ஆசிரியர், திருநகர், மதுரை.