178 என் இதயத்துடிப்பு அல்ல, என் காலடி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: விளையாட்டுக் கடிகாரம் லாக்டேட் வரம்புத் துடிப்பைத் தவறாகக் கணித்து, என்னைக் கேட்காமலேயே பயிற்சி மண்டலங்களை மாற்றியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே குறையை உங்கள் உதவிப் பிரிவுக்கு ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன். கடிகாரப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள் என்று முதல் பதில் வந்தது. கடிகாரத்தை அணைத்துப் போடுங்கள் என்று இரண்டாவது பதில். எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்று மூன்றாவது. சொன்னபடியே செய்தேன். அந்த மூன்றாவது யோசனையால் நான் கையால் பதிந்து வைத்திருந்த எண்களும் போய்விட்டன. இந்த நான்காவது கடிதத்தையாவது யாராவது உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பி, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. ஓடுகிறேன், சைக்கிள் ஓட்டுகிறேன். பரிசு வாங்கும் ஆள் இல்லை. ஆனால் பயிற்சியைக் கணக்கோடு செய்கிறவன். உங்கள் கடிகாரத்தை வாங்கும் முன்பே என் வரம்புத் துடிப்பு எனக்குத் தெரியும். கடுமையாக உழைக்கும்போது தசைகளில் உருவாகும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் வேகமாகச் சேரத் தொடங்கும் கட்டத்தின் துடிப்பு அது. அதன் சதவீதங்களாகத்தான் பயிற்சி மண்டலங்களை, அதாவது லேசானது முதல் கடுமையானது வரையிலான துடிப்பு எல்லைகளை, பிரிக்கிறோம். அரை மணி நேரம் தனியாக, தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் சீராக ஓடி, கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பை எடுத்துக்கொள்ளும் எளிய சோதனைதான். துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை கட்டி ஓடியதில் நிமிடத்துக்கு 171 வந்தது. சைக்கிளில் அதே சோதனை 162 காட்டியது. இந்த ஒன்பது துடிப்பு வித்தியாசத்தில் தவறு ஏதும் இல்லை. ஓடும்போது உடல் எடை முழுவதையும் ஒவ்வோர் அடியிலும் கால்கள் தாங்க வேண்டும். கைகளும் முதுகும் சேர்ந்து உழைக்கின்றன. சைக்கிளில் எடையின் பெரும்பகுதியை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. அதனால் பலருக்கும் சைக்கிள் வரம்பு சில துடிப்புகள் குறைவாகவே இருக்கும். விளையாட்டுக் கடிகாரம் செய்து விற்கும் நிறுவனத்துக்கு இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருப்பதே வேடிக்கைதான்.

ஒரு நாள் காலை மார்புப் பட்டையை மறந்துவிட்டு, 50 நிமிட மெதுவோட்டத்துக்குப் போனேன். உடன் ஒரு நண்பர். வழிநெடுகப் பேசிக்கொண்டே ஓடினோம். ஓட்டத்தை முடித்துச் சேமித்ததும் கடிகாரம் கையில் அதிர்ந்தது: ‘வாழ்த்துகள்! உங்கள் லாக்டேட் வரம்பு 178 ஆக உயர்ந்துள்ளது.’ வரம்பைத் தொட்டுவிட்டவனால் முழு வாக்கியம் பேச முடியாது. நானோ நண்பரின் வீட்டு வம்பு முழுவதையும் கேட்டு, பதிலும் சொல்லி முடித்திருந்தேன்.

அந்த ஓட்டத்தின் வரைபடத்தை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். முதல் 14 நிமிடங்கள் துடிப்பு 138-க்கும் 141-க்கும் இடையில் ஒழுங்காகப் போகிறது. பிறகு இருபதே நொடியில் 178-க்குத் தாவி, பலகை வைத்தாற்போல அங்கேயே நிற்கிறது. ஏற்றம் இல்லை, வேகமும் கூடவில்லை. 33-ஆவது நிமிடத்தில் ஷூ கயிறு அவிழ்ந்ததால் அரை நிமிடம் நின்றேன். கோடு நேராக 128-க்கு விழுகிறது. மறுபடி ஓடத் தொடங்கியதும் பத்து நொடிக்குள் மீண்டும் 178. எந்த இதயமும் இப்படி சுவிட்ச் போட்டதுபோல ஏறி இறங்காது. இப்போது அதே பக்கத்தில் கீழே உள்ள காலடி எண்ணிக்கைக் கோட்டைப் பாருங்கள். நிமிடத்துக்கு 178 அடி. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இது ஏன் நடக்கிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது அல்ல. கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி சற்றுக் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. ஆனால் ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் கை அதிர்கிறது. கடிகாரம் தோலின் மேல் அசைகிறது. அந்தத் தாளம் துடிப்பின் தாளத்தைவிட வலுவாகிவிட்டால் மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். இதை நான் மன்னித்துவிடுவேன். மணிக்கட்டில் அளப்பதில் உள்ள குறை அது. என்னால் ஏற்க முடியாதது வேறு. அடிகளை எண்ணும் கருவியும் அதே கடிகாரத்துக்குள்தான் இருக்கிறது. துடிப்பு 178, காலடி 178 என்ற இரண்டு எண்களையும் 36 நிமிடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூடச் சந்தேகப்படாமல் எனக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறது.

உங்கள் கையேடே வரம்புக் கணிப்புக்கு மார்புப் பட்டை அவசியம் என்கிறது. சரியான விதிதான். உழைப்பு ஏறஏற, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தின் சிறு மாறுபாடுகள் குறைந்துகொண்டே வரும். அதைப் பார்க்க மில்லிநொடிக் கணக்கில் அளவு வேண்டும். இதயத்தின் மின்சாரச் சைகையை நேரடியாகப் பிடிக்கும் பட்டையால் அது முடியும். ஆடும் மணிக்கட்டில் முடியாது. அப்படியானால் பட்டையே இல்லாத ஓட்டத்திலிருந்து வரம்பை எடுத்தது எப்படி? விதியைக் கையேட்டில் அச்சிட்டால் போதுமா, மென்பொருளிலும் எழுத வேண்டாமா?

தொல்லை அதோடு முடியவில்லை. ஓட்டத்தில் வந்த அந்த 178, என் சைக்கிள் மண்டலங்களிலும் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் கணக்கில் லேசான பயிற்சி என்பது வரம்பில் 81 முதல் 89 சதவீதம். என் உண்மையான 162-க்கு அது 131-இலிருந்து 144 வரை. உங்கள் 178-க்கு 144-இலிருந்து 158 வரை. அதாவது என் லேசான பயிற்சி எங்கே முடிகிறதோ, அங்கேதான் உங்கள் லேசான பயிற்சி தொடங்குகிறது. ஐந்து வாரம், வாரம் மூன்று நாள், 150-ஐ ஒட்டியே மிதித்தேன். ஓய்வுப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு என் வரம்பின் 93 சதவீதத்தில் உழைத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் படி ஏறவே கால் கனத்தது. காலையில் எழுந்ததும் 52 இருந்த துடிப்பு 59 ஆனது. வயதாகிறது போலும் என்று என்னையே நொந்துகொண்டேன். பிறகுதான் பழைய பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தேன். பதிந்திருந்த பந்தயத்துக்கு நான் போகவில்லை.

சைக்கிளில் தானாகக் கணிப்பதே கூடுதல் சிக்கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் ஓடும்போது வேகத்தைப் பார்த்து உழைப்பை ஓரளவு ஊகிக்கலாம். சைக்கிளில் எதிர்க்காற்று, சரிவு, முன்னால் போகிறவர் காற்றை மறைப்பது எல்லாம் வேகத்தை மாற்றிவிடும். மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் இல்லாமல் கால் எவ்வளவு உழைத்தது என்று கடிகாரத்துக்குத் தெரிய வழியில்லை. என்னிடம் பவர் மீட்டர் இல்லை. அது உங்கள் செயலிக்கும் தெரியும்.

அமைப்புகளை அழிக்கச் சொன்னீர்களே, அதன் பலனையும் கேளுங்கள். என் உண்மையான உச்சத் துடிப்பு 188. அழித்ததும் கடிகாரம் 220-இலிருந்து என் வயதைக் கழித்து உச்சத்தை 176 என்று வைத்துக்கொண்டது. அந்தச் சூத்திரம் தனி மனிதர்களுக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் தவறலாம் என்பது தெரிந்த விஷயம். ஆனால் தவறான 178 மட்டும் செயலியிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. ஆக இன்றைய நிலவரப்படி என் வரம்பு என் உச்சத்தைவிட இரண்டு துடிப்பு அதிகம்! கூரைக்கு மேலே உத்தரம். திரையின் படத்தையும் இணைத்திருக்கிறேன். நான் கதை கட்டுவதாக நினைத்துவிடக் கூடாது.

எந்தக் கடிகாரமும் லாக்டேட்டை அளப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். விரல் நுனியிலோ காது மடலிலோ துளி இரத்தம் எடுத்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதுதான் ஆய்வகச் சோதனை. நீங்கள் தருவது ஊகம். ஊகம் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. பெட்டியின் மேல் ‘ஆய்வகத் துல்லியம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மார்புப் பட்டை இல்லாத பயிற்சியிலிருந்து வரம்பை எடுப்பதை நிறுத்துங்கள். ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி எண் வையுங்கள். எண்ணை மாற்றுமுன் என்னைக் கேளுங்கள். எந்த நாள் பயிற்சியிலிருந்து, எந்தச் சென்சாரிலிருந்து அது வந்தது என்று காட்டுங்கள். நானாகப் பதிந்த எண்ணைப் பூட்டி வைக்க ஒரு வழி கொடுங்கள். இவற்றை எந்தப் புதுப்பிப்பில் செய்வீர்கள் என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். முடியாது என்றால் கடிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். பட்டையை இறுக்கிக் கட்டுங்கள் என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள். மணிக்கட்டில் தழும்பே விழுந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஓட்டத்தின் வரைபடம், திரையின் படம், வாங்கிய ரசீதின் நகல், உதவிப் பிரிவின் மூன்று பதில்கள்.