நைட்ராக்ஸும் ஆழமும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முக்குளிப்புக் கட்டுரையில், காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாகவும் நைட்ரஜன் குறைவாகவும் உள்ள நைட்ராக்ஸ் என்ற வாயுக் கலவையைச் சுவாசித்தால் காற்றில் போவதைவிட ஆழமாகப் போகலாம் என்று இருந்தது. இது தலைகீழான தகவல். உயிருக்கு உலை வைத்துவிடும். மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்காக முக்குளிப்பவர்களின் சுவாச வாயுவைக் கவனிக்கும் டெக்னீஷியனாகக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் ஒரு பார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடும். ஆக்சிஜனின் பங்கழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய பங்கு, 1.4 பாரைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து தொடங்குகிறது. பல சமயம் எந்த அறிகுறியும் முன்கூட்டித் தெரியாது. தண்ணீருக்குள் வலிப்பு வந்து, வாயிலிருந்து குழாய் நழுவினால் பிழைப்பது அரிது. சாதாரணக் காற்றில் அந்த எல்லை சுமார் 56 மீட்டர். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸில் 33 மீட்டரிலேயே வந்துவிடும். உடலில் நைட்ரஜன் குறைவாக ஏறுவதால் அதே ஆழத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம். நைட்ராக்ஸின் பயன் அவ்வளவுதான்.

காற்றில் 30 மீட்டரைத் தாண்டினாலே நைட்ரஜன் போதை புத்தியை மழுக்கத் தொடங்கும். அதனால்தான் பெரிய ஆழங்களுக்கு ஹீலியம். 80 மீட்டரில் வேலை செய்பவர்களுக்கு நாங்கள் அனுப்பிய கலவையில் ஆக்சிஜன் சுமார் 6 சதவீதம்தான், மீதி ஹீலியம். கீழே 9 பார் அழுத்தத்தில் அது தாராளம். அதையே கப்பல் தளத்தில் நின்று சுவாசித்தால் சில மூச்சுகளில் நினைவு தப்பிவிடும். ஆகவே சிலிண்டரில் ஒட்டிய சீட்டை நம்பி யாரும் வால்வைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அனலைசரில் ஆக்சிஜன் அளவைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிய பிறகே இணைப்போம்.

ஹீலியம் உடல் சூட்டையும் வேகமாக உறிஞ்சிவிடும். ஆழத்தில் வேலை செய்பவர்கள், வேலை முடியும்வரை அதே அழுத்தத்திலேயே கப்பலில் தங்கும் ஹீலியம் நிரப்பிய அறையை 30 டிகிரி அளவில் வைத்திருந்தும் போர்வை கேட்பார்கள். கீச்சுக் குரலில் கேட்பதால், குரலைத் திருத்தும் கருவி இல்லாமல் ஒரு சொல்லும் புரியாது. வேலை முடிந்தபின் அழுத்தத்தை மெல்லக் குறைத்து வெளியே கொண்டுவரவே நான்கு நாள் ஆகும்.

புதுச்சேரி, ராமேசுவரம் பக்கம் இளைஞர்கள் இப்போது ஸ்கூபா கற்க வருகிறார்கள். கட்டுரை வெளியான அதே பக்கத்தில், 33 மீட்டர் கணக்கையும் சேர்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முக்குளிப்பு டெக்னீஷியன்,
தூத்துக்குடி