எரிமலையைக் கொஞ்சம் ஓரமாக வை, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போகிறேன், என்னென்ன சோதனை செய்யலாம், ஒரு பட்டியல் அனுப்புக்கா என்று கேட்டிருந்தாய். பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும், அதற்கு நான் எதற்கு? எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். எந்தச் சோதனையாக இருந்தாலும், தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகுதான் கையில் பொருளைக் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் எவ்வளவு பொருள் வாங்கிக் கொடுத்தாலும் அது கைவேலை வகுப்புதான்.

எல்லாரும் முதலில் செய்வது எரிமலை. ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றி, சிவப்புச் சாயம் கலந்து பொங்க விடுவது. கைதட்டல் நிச்சயம். ஆனால் நிஜ எரிமலைக்குள் சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. உருகிய பாறையும் அதில் கரைந்த வாயுக்களும்தான். அதே சோடாவையும் வினிகரையும் ஒரு பாட்டிலில் போட்டு வாயில் பலூனை மாட்டிப் பார். யாருமே ஊதாமல் பலூன் எப்படி உப்பியது என்று அவர்களே கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும், கைதட்டல் அல்ல.

பேட்டரி பாடத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கு. ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு வயர். ஹோல்டர் கிடையாது. எரிய வை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. பெரும்பாலானவர்கள் பேட்டரியின் ஒரு முனையை மட்டும் பல்போடு சேர்த்துவிட்டு ஏன் எரியவில்லை என்று உன்னைப் பார்ப்பார்கள், ஏனென்றால் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி மின்சாரமும் ஒரு வழியாக வந்தால் போதும் என்றுதான் மனசுக்குள் ஒரு படம் இருக்கும். (வளர்ந்தவர்கள் நிறைய பேருக்கும் இதே படம்தான், உன் சக ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்.) பல்பின் அடியில் ஒரு தொடும் இடம், பக்கவாட்டு உலோகத்தில் இன்னொன்று, இரண்டையும் தொட்டு பேட்டரியின் மறுமுனை வரை சுற்று மூடினால்தான் எரியும். இதை நீ சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்லாதே. யாராவது ஒருத்தி கண்டுபிடித்ததும் வகுப்பே அவள் மேசைக்கு ஓடும், சத்தம் கேட்கும், பக்கத்து வகுப்பில் முறைப்பார்கள், பரவாயில்லை. பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் வயரால் சேர்த்தால் வயர் சுடும் என்பதையும், சுவரில் இருக்கும் பிளக் பக்கம் போகவே கூடாது என்பதையும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்புறம் மெழுகுவத்தி. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்றுதான் பல இடங்களில் விளக்கம் போட்டிருப்பார்கள். அது சரியில்லை. சுடர் எரிகிற வரை தண்ணீர் மெதுவாகத்தான் இருக்கும், அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறும். அதே தம்ளருக்குள் மூன்று மெழுகுவத்தி வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். தம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் அதேதானே? சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எட்டு வயசுப் பிள்ளைக்குக் காற்றழுத்தம் நடத்தச் சொல்லவில்லை. எப்போது ஏறியது என்று பார்க்கச் சொன்னால் போதும், தப்பான விளக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதே. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு மெழுகுவத்தியை மையமாக வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு உரைகள் தொடங்கினார். ஒரே பொருளை அவ்வளவு தோண்டலாம்.

விதை முளைப்பிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. ஈரப் பஞ்சில் பயறு போட்டு ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வை. இருட்டில் முளைக்காது என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். முளைக்கும். அதுமட்டுமா, ஜன்னல் செடியைவிட நெடுநெடுவென்று வளர்ந்தும் நிற்கும். சோதனை சொதப்பிவிட்டது என்று பயந்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதே! முளைக்க வெளிச்சம் தேவையில்லை, விதைக்குள்ளேயே சாப்பாடு இருக்கிறது. அது தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று இன்னும் சில நாள் விட்டுப் பார்க்கச் சொல். வெளுத்துப்போன இலையும் துவண்ட தண்டும் தானே பேசும். தினமும் படம் வரையட்டும், அளவுகோலால் அளந்து எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டு உட்காராதே.

யாராவது தப்பாகச் சொன்னால் உடனே முகத்தில் காட்டிவிடாதே. "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று கேள், சரியாகச் சொன்னவனிடமும் அதையே கேள். இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே உன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள், தண்ணீரையோ பல்பையோ பார்க்க மாட்டார்கள்.

பல்பு வாங்கும்போது உள்ளே இழை தெரிகிற பழைய வகை டார்ச் பல்பாகப் பார்த்து வாங்கு. எல்இடி வேண்டாம்; பெரும்பாலும் ஒற்றை 1.5 வோல்ட் பேட்டரியில் எரியாது, திருப்பிப் போட்டாலும் எரியாது, பிள்ளைகள் சரியாகவே மாட்டியிருந்தும் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா