இரண்டாவது ரிக்கெட்டை விற்றுவிடாதே

வெள்ளவத்தை
10.09.2024

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். நீ, மருமகள், பேத்தி எல்லோரும் சுகமாய் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அப்பாவின் இடது கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. வருகிற 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். செய்தி அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் உன் ரிக்கெட்டைப் பற்றித்தான்.

போனில் தொடங்கினால் "மீட்டிங் இருக்கம்மா, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். எழுதினால் எப்படியும் முடிவுவரை வாசிப்பாய், சின்ன வயதிலிருந்தே கையில் கிடைத்த கடதாசியை வாசிக்காமல் விடாத பிள்ளை நீ.

அன்றைக்கு நீ "அம்மா, கிடைச்சிட்டுது!" என்று கத்தியபோது எனக்கு வேறு நினைப்பு. வேலையில் உயர்வாக்கும், வீட்டுக் கடன் முடிந்ததாக்கும் என்று அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து கேட்டால், பிரிந்துபோய்த் திரும்பச் சேர்கிற ஒயாசிஸ் பாண்டின் பாட்டு நிகழ்ச்சிக்கு ரிக்கெட். லண்டன் வெம்பிளி மைதானம். அடுத்த வருடம் ஓகஸ்ட் 2. சரி, பிள்ளையின் குரலில் சந்தோஷம் கேட்டு எவ்வளவோ காலம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். விலையை நீ சொல்லவில்லை. பேத்திதான் சொன்னாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது.

ஒன்று 355 பவுண். இரண்டு 710. அப்பா மின்சார பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்: எங்கள் காசில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அதுவும் நின்றுகொண்டு பார்க்கிற ரிக்கெட்டாம். இவ்வளவு கொடுத்தும் உட்கார ஒரு கதிரை இல்லை! உனக்கு நாற்பத்திரண்டு வயது மகன். போன வருடம் இங்கே வந்தபோது சோஃபாவில் படுத்தெழும்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

முதலில் 148 பவுண் என்று இருந்ததும், இன்டர்நெட்டில் உனக்கு முன்னால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் வரிசையில் இருந்ததும், உன் முறை வந்தபோது அதே இடம் 355 ஆகியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. ஆட்கள் கூடக் கூட விலையும் ஏறுமாம், விமான ரிக்கெட் மாதிரி என்று பேத்தி விளக்கினாள். வெள்ளவத்தைச் சந்தையில் பொங்கலுக்கு முதல்நாள் கரும்புக்காரன் செய்வதும் இதுதான். ஆனால் அவன் நாங்கள் கிட்டப் போகும்போதே விலையைச் சொல்லுவான், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். அரை நாள் வரிசையில் நிற்கவைத்து, கை நடுங்குகிற நேரத்தில், இத்தனை நிமிடத்துக்குள் காசைக் கட்டு என்று அவன் சொல்லுவதில்லை. போன வாரம் அங்கே அரசாங்கத்தின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை இதை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறது என்று அப்பா பேப்பரில் பார்த்தார். தங்களுக்கு இந்த விலை முறை பற்றி ஒன்றும் தெரியாது, விலை பேசுவதெல்லாம் நடத்துகிறவர்கள்தான் என்று பாண்ட்காரர்கள் அறிக்கை விட்டிருக்கிறார்கள். அப்பா நம்பவில்லை. நான் நம்புகிறேன். தங்களைச் சுற்றி என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருப்பது ஆண்களுக்குப் புதிதா என்ன.

இங்கேயும் இப்படி நடந்ததுதானே. 2015 டிசம்பரில் அந்த ஸ்பெயின் பாட்டுக்காரர் என்ரிக் இக்லேசியஸ் கொழும்புக்கு வந்தார். ஐம்பதாயிரம் ரூபா வரைக்கும் ரிக்கெட். பெண்கள் மேடையில் ஏறி அவரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று அப்போதைய ஜனாதிபதிக்குக் கோபம் வந்து, ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார். உன் அப்பா ஒரு கிழமை சிரித்தார். இந்த முறை அந்தத் திருக்கை வாலை லண்டனுக்கு அனுப்பலாம் என்கிறார், விலை வைத்தவர்களுக்கு.

காசைப் பற்றி இனிக் கதைக்கமாட்டேன். உன் உழைப்பு, உன் காசு. தண்ணீர்த் தாங்கிக்கு நீ அனுப்பியதை நான் மறக்கவில்லை, மாடியில் உள்ள ரீச்சரிடமும் சொன்னேன், மூத்தவன்தான் போட்டுத் தந்தான் என்று. ஆனால் ஒன்று. மருமகள் வரமாட்டேன் என்கிறாள், பேத்தி சின்னவள், கூட இருக்கிற ரிக்கெட்டை ஒஃபிசில் ஒருத்தருக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசிப்பதாக அன்றைக்குச் சொன்னாய். அவசரப்படாதே. இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருக்கிறது.

அப்பா ஒருகாலத்து ரேடியோ சிலோன் ஆள் என்பது உனக்குத் தெரியும்தானே. ஒயாசிஸ் என்றால் அவருக்குச் சத்தம். ஆனால் இந்தப் பிரிந்தவர்கள் சேர்கிற கதைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி, இரண்டு நாளாக அதே பேச்சு. ஈகிள்ஸ் 1980இல் பிரிந்து 1994இல் சேர்ந்தபோது ரிக்கெட் நூறு டொலரைத் தாண்டியதாம். அப்போது எல்லோரும் திட்டினார்களாம், பிறகு எல்லோரும் போனார்களாம். கொழும்பில் அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் எந்தக் கல்யாண மண்டபத்திலும் அவர்களுடைய 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டைக் கேட்கலாம், அது வேறு விஷயம். லெட் செப்பலின் 2007 டிசம்பரில் ஒரேயொரு இரவு லண்டனில் சேர்ந்து வாசித்தார்கள். 125 பவுண் ரிக்கெட்டுக்கு இரண்டு கோடிப் பேர் கேட்டதாகச் செய்தி. செத்துப்போன டிரம்காரரின் இடத்தில் அவருடைய மகன் இருந்தான். அதற்குப் பிறகு அவர்கள் சேரவேயில்லை.

பிங்க் ஃபுளொய்ட்டை நீயே அறிவாய். நீ லண்டன் போன புதிது, 2005 யூலை, ஹைட் பார்க்கில் இலவசம். போனில் மெசேஜ் அனுப்பினால் குலுக்கலில் இரண்டு இரண்டு ரிக்கெட்டாகக் கொடுத்தார்கள். நீயும் அனுப்பினாய், விழவில்லை. இருபத்துநாலு வருடம் ஒரே மேடையில் சேராமல் இருந்தவர்கள் அன்றைக்கு நாலு பேராய் நின்றார்கள். மூன்று வருடம் கழித்து அந்தக் கீபோர்ட்காரர் ரிச்சர்ட் ரைட் காலமாகிவிட்டார். இனி எத்தனை பவுண் கொடுத்தாலும் அந்த நாலு பேர் இல்லை. மிச்சம் இருக்கிறவர்களும் இன்றுவரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அப்பா சொல்கிறார். அதனால்தான் சொல்கிறேன், நீ வாங்கியது பிழையில்லை. விலை அநியாயம், வாங்கியது பிழையில்லை.

இந்த ஒயாசிஸ் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அண்ணனும் தம்பியும் என்று சொன்னாய். நோயல் மூத்தவர், 57 வயது. லியாம் இளையவர், இந்த மாதம் 52. 2009 ஓகஸ்ட் 28, பாரிஸில் மேடைக்குப் போக முதல் சண்டை வந்து கிட்டார் உடைந்து, அண்ணன் அன்றைக்கே வெளியேறி, பதினைந்து வருடத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போது சேர்கிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். இவ்வளவும் வாசித்தேன். ஆனால் எதற்குச் சண்டை என்று மட்டும் எங்கேயும் சரியாகப் போடவில்லை. உனக்குத் தெரியுமா? யார் முதலில் கதைத்தது? தம்பியா, அண்ணனா? பெக்கி என்று ஒரு தாய் இருக்கிறாளாம், அயர்லாந்தின் மேயோ பக்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு வந்து மூன்று ஆண்பிள்ளைகளை வளர்த்தவள். அவளுக்கு இந்தப் பதினைந்து வருடமும் எப்படிப் போயிருக்கும் என்று ஒரு பேப்பர்காரனும் கேட்கவில்லையா?

எங்கள் வீட்டில் கிட்டார் ஒன்றும் உடையவில்லை. இருந்தால்தானே உடைவதற்கு. ஒரு கசெற் பிளேயர் இருந்தது. 1996இல், மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் உன்னையும் தம்பியையும் நான் வெளியே விட்டதில்லை. பொலிஸ் பதிவு, ஐடென்டிட்டி காட், லொட்ஜ்களில் செக்கிங். காலி வீதிக்குப் பாண் வாங்கப் போவதென்றாலும் அப்பாதான் போவார். பின்னறைக்குள் நீங்களும் அந்தப் பிளேயரும். அதே வருடம் மின்வெட்டு வேறு. பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு பாட்டுக்கு இழுப்பீர்கள். பிளேயரை நீ அவனைத் தொடவே விடமாட்டாய், நாடா சிக்கினால் மட்டும் "டேய், வாடா" என்று கூப்பிடுவாய். அவன் பென்சிலை விட்டுப் பொறுமையாகச் சுற்றிக் கொடுப்பான். சத்தத்தைக் குறையுங்கோ, யாரும் கதவைத் தட்டினால் கேட்காது என்று நான் கத்துவேன். அந்த நாளில் யார் தட்டுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், உடனே குறைப்பீர்கள். அந்தப் பாட்டுகளில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கியதில்லை. ஆனால் எந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கத்துவீர்கள் என்று தெரியும். அரிசி களைந்துகொண்டே அந்த இடத்துக்குக் காத்திருப்பேன்.

உன் தம்பியும் ரிக்கெட் விற்ற அன்றைக்கு வரிசையில் இருந்தானாம். அதை உனக்குச் சொல்லவில்லை, நீ கேட்கவும் இல்லை. லண்டனில் காலை ஒன்பது என்றால் ரொறன்ரோவில் விடிய நாலு மணி. வேலைக்குப் போகிற பிள்ளை, நித்திரை முழித்து இருந்திருக்கிறான். ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது சொன்னான். சொல்லிவிட்டு, "அண்ணாவுக்கு?" என்றான். கிடைத்தது என்றேன். "எத்தனை?" என்றான். இரண்டு என்றேன். கொஞ்ச நேரம் லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு முருங்கைக்காய் என்ன விலை போகிறதென்று கேட்டான். அவன் பிறந்த நாளிலிருந்து முருங்கைக்காய் விலை கேட்டதில்லை.

கோண்டாவில் வளவைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன சொன்னது என்பதையும் எழுதவில்லை. நீ சொன்னதும் எனக்குத் தெரியும், அவன் சொன்னதும் தெரியும், நான் நடுவில்தானே நின்றேன். நீ படித்தவன், நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவன், உன் ஒஃபிசில் இரண்டு பேர் முகம் கொடுக்காமல் இருந்தால் கூப்பிட்டுப் பேசிச் சரிசெய்வேன் என்று எனக்கே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

விற்பதற்கும் சட்டம் இருக்கிறதாம், பேத்தி வாசித்துக் காட்டினாள். ரிக்கெட்மாஸ்டர் அல்லது ருவிக்கெற்ஸ் என்ற இணையத்தளங்களில் மட்டும்தான் விற்கலாம், வாங்கிய விலைக்கு மேல் ஒரு சதமும் வைக்கக்கூடாது, வேறு இடத்தில் கூட்டி விற்றால் ரிக்கெட்டையே ரத்துச் செய்துவிடுவார்களாம். நல்ல சட்டம். அப்படியானால் உனக்கு அதில் லாபமும் இல்லை. லாபம் இல்லாததை ஏன் விற்கிறாய்? ஒஃபிஸ் ஆளுக்கு என்ன, அவர் அந்த நாட்டில் பிறந்தவர், வேறு ஒரு நாள் பார்ப்பார். வெம்பிளியில் செப்டெம்பரிலும் இரண்டு நாள் கூட்டியிருக்கிறார்களாம். அவருக்கு அதைச் சொல்லு.

கனடாவில் லீவு இப்போதே சொல்லி வைத்தால்தான் ஓகஸ்ட்டில் கிடைக்குமாம். விமான ரிக்கெட்டும் நேரத்தோடு எடுத்தால் மலிவு. பொதுவாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டைக் கவனி. இரவில் பிந்திப் படுக்காதே. நிற்கிற ரிக்கெட் என்றபடியால் நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு போ, இடுப்புக்குப் பெல்ட்டும் கட்டு, யாரும் பார்க்கமாட்டார்கள். முன்னுக்குப் போய் நெரிபடாதே. போன மாசி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிகரன் நிகழ்ச்சிக்குச் சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததை நீ வீடியோவில் பார்த்தாய்தானே. அந்த மாதிரி இடத்தில் தனியாகப் போகக்கூடாது. பக்கத்தில் எங்கள் ஆள் ஒன்று இருக்க வேண்டும், விழுந்தால் தூக்க.

மாடி ரீச்சரின் மகள் வியாழக்கிழமை லண்டனுக்கு ஏறுகிறாள். அவளிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல்மா, மருமகளுக்கு எள்ளுருண்டை. தம்பி போன் நம்பரை மாற்றிவிட்டான், பழையதில் எடுத்தால் வேறு யாரோ எடுப்பார்கள். புதியதை மிளகாய்த்தூள் பையின் மேல் பெரிதாக எழுதியிருக்கிறேன், வாசனை போகாமல் இரண்டு பை போட்டிருப்பதால் உள்பையிலும் எழுதியிருக்கிறேன். தூளைப் போத்தலில் கொட்டிவிட்டுப் பையை எறிந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா