பாடவேளைக்குள்ளேயே இடம் இருக்கிறது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். அறிவியல் துறைப் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கூடவே கூட்டங்களும் அறிக்கைகளும் வந்து சேர்ந்திருக்கும் என்பதால் சிறிது அனுதாபமும் உண்டு.

மாணவர்களே கேள்வி கேட்டு, சோதித்துப் பார்த்து விடை தேடும் வினவிக் கற்றலுக்கென்று ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வாரம் இரண்டு பாடவேளைகளைத் தனியே ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படி ஒதுக்கப்படும் வேளைகள்தாம் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோகும். போதாக்குறைக்கு, கேள்வி கேட்பது அந்த இரண்டு வேளைகளுக்கு மட்டுமே உரிய காரியம் என்று மாணவர்களும் முடிவுகட்டிவிடுவார்கள். இப்போது நடந்துவரும் செய்முறை வகுப்பிலிருந்து விடையை எடுத்துவிட்டாலே போதிய இடம் கிடைத்துவிடும்.

நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் தனி ஊசல் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். நோக்கம், வாய்பாடு, செய்முறை, அட்டவணை என எல்லாவற்றையும் பலகையில் எழுதிப்போட்டு, மாணவர்கள் எண்களை மட்டும் நிரப்புவதுதான் நம் வழக்கம். அந்த எண்களும் பல நேரங்களில் முந்தைய ஆண்டு ரெக்கார்டு நோட்டிலிருந்து வருபவை என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்த ஆண்டு நான் வாய்பாட்டைச் சொல்லவில்லை. அலைவு நேரம், அதாவது குண்டு ஒருமுறை போய்த் திரும்பிவர ஆகும் நேரம், எதைப் பொறுத்து மாறும் என்ற ஒரே கேள்வியைக் கொடுத்து, நூலைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிவைக்க வேண்டும் என்றேன். கனமான குண்டு வேகமாக ஆடும் என்றே பெரும்பாலோர் எழுதினார்கள்.

ஒரு மீட்டர் நூலுக்கு ஒரு குழுவினர் 2 வினாடி என்றார்கள். பக்கத்துக் குழுவினர் 1.8 என்று அடித்துச் சொன்னார்கள். முதலில் பழி நிறுத்துக் கடிகாரத்தின் மேல் விழுந்தது. கடிகாரங்களை மாற்றிப் பார்த்தும் வேறுபாடு அப்படியே இருந்தபோது, ஒரு மாணவி மற்றவர்கள் எண்ணும் விதத்தைக் கவனித்து, குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று தொடங்குகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். அவர்கள் பத்து என்று எண்ணி முடித்தபோது ஆடியிருந்தவை ஒன்பது அலைவுகளே; 18 வினாடியைப் பத்தால் வகுத்திருக்கிறார்கள். மூன்றாவது குழுவினர் ஆர்வக் கோளாறில் நூலை 60 பாகை வரை இழுத்துவிட்டு 2.15 பெற்றிருந்தார்கள். சிறிய கோணத்தில்தான் ஆடவிட வேண்டும் என்ற நிபந்தனையை ஆண்டுதோறும் எழுதிப்போடுகிறேன். அது எதற்கு என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, இந்த முறை கேட்டார்கள். வாய்பாட்டை அதன் பிறகே எழுதினேன். இதற்குக் கூடுதலாகப் பிடித்த ஒரு பாடவேளையை, ரெக்கார்டு எழுதுவதற்கென வைத்திருந்த நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்த வழிகாட்டுதலோடு கற்பிப்பது தொடக்கநிலை மாணவர்களின் செயல் நினைவாற்றலுக்கு (ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் திறனுக்கு) மீறிய சுமையாகிவிடும் என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி உளவியலாளர்கள் மூவரும் எழுதியதை உங்கள் சக ஆசிரியர்கள் எடுத்துக்காட்டக்கூடும். அந்த எச்சரிக்கை நியாயமானது. நல்ல வினவிக் கற்றலில் வழிகாட்டுதல் நிறையவே உண்டு என்று மறு ஆண்டே மறுமொழியும் வந்தது. 1960களில் அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ஷ்வாப் வகுத்த படிநிலைகள்தாம் எனக்கு இன்றும் கைகொடுக்கின்றன: முதல் நிலையில் கேள்வியையும் வழிமுறையையும் கொடுத்து விடையை மட்டும் மறைக்கலாம், அடுத்ததில் கேள்வியை மட்டும் கொடுக்கலாம், கடைசி நிலையில் நிகழ்வை மட்டும் காட்டிவிட்டுக் கேள்வியையே அவர்களிடம் விட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்புக்கு முதல் நிலையே போதும். அடர் அமிலம் புழங்கும் பரிசோதனைகளில் வழிமுறையை ஒருபோதும் அவர்கள் போக்குக்கு விடாதீர்கள். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் அமைந்திருக்கும் விதத்தை நேரடியாகவே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அதை நூலும் குண்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

செலவில்லாத இன்னொரு மாற்றமும் உண்டு. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அது மூன்று வினாடியானால் விடைகள் நீள்வதோடு வாய் திறப்பவர்களும் பெருகுகிறார்கள் என்பதையும் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டார். மூன்று வினாடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பதை நீங்களே ஒருமுறை நின்று பாருங்கள்.

உண்மையான முட்டுக்கட்டை மதிப்பெண்ணில் இருக்கிறது. சரியான முடிவுக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்கும்வரை 1.8 கண்ட குழுவினர் அதை அழித்துவிட்டு 2 என்றுதான் எழுதுவார்கள். அதனால், முன்கூட்டி எழுதிய ஊகத்துக்கும், முடிவு ஏன் வேறுபட்டது என்ற விளக்கத்துக்கும் உள்மதிப்பீட்டில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கால அட்டவணையைப் பற்றிப் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வுக்கு நீங்கள் இப்போது பயன்படுத்தும் மதிப்பெண் பட்டியலின் படி ஒன்றை எனக்கு அனுப்பினால், எந்த இடத்தில் கைவைக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்