துண்டுக் கம்பிகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்பாவின் தொழிலைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள். இனி வரைபடம் போடுகிற பக்கத்தில் நின்று திட்டுவாள். என் முழங்காலைப் பற்றி விசாரித்திருந்தாய். படி ஏறாதவரை அதற்கும் எனக்கும் சண்டை இல்லை. அதனாலேயே அலுவலகத்தில் எனக்கு உட்கார்ந்த வேலையாகக் கொடுத்துவிட்டார்கள்: இளம் பொறியாளர்கள் தயாரிக்கும் வரைபடங்களை, சைட்டுக்குப் போகும் முன் பார்த்துத் திருத்துவது.

உன் கட்டட சைட்டில் கழிவைத் தரம் பிரிக்க நிறம் நிறமாகத் தொட்டிகள் வைத்திருக்கிறாய், ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறாய். அப்படியும் குவியல் குறையவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். தொட்டிகளை எடுத்துவிடாதே. ஆனால் அந்தக் குவியலில் ஒரு நல்ல பங்கு உன் ஆட்கள் உண்டாக்கியது அல்ல; எங்கள் மேசையில் உண்டானது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அது முடிவாகிவிடுகிறது.

கம்பியை எடுத்துக்கொள். ஆலையிலிருந்து வருவது 12 மீட்டர் நீளம். ஒரு கட்டடத்தின் மாடி உயரம் 3.2 மீட்டர் என்று வை. தூணில் 16 மில்லிமீட்டர் கம்பி, மேல் கம்பியோடு இணையும் இடத்தில் விட்டத்தைப் போல் 50 மடங்கு மேற்படிவு (இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் நீளம்), அதாவது 80 சென்டிமீட்டர். ஆக ஒரு துண்டு சரியாக 4 மீட்டர். ஒரு கம்பியில் மூன்று துண்டு, மிச்சம் எதுவும் இல்லை. இப்போது மாடி உயரத்தை 3.3 ஆக்கு. துண்டு 4.1 மீட்டர். மூன்று துண்டுக்கு 12.3 வேண்டும், கம்பியோ 12தான். இரண்டு வெட்டியதும் 3.8 மீட்டர் மிஞ்சுகிறது. வரைபடத்தில் பத்தே சென்டிமீட்டர்தான் மாறியது, கம்பியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு துண்டாகிவிட்டது. உன் கம்பி மேஸ்திரி கெட்டிக்காரர் என்றால் அதைச் சின்ன உத்தரங்களில் எங்காவது செருகுவார். 16 மில்லிமீட்டர் துண்டுகளை எவ்வளவுதான் செருக முடியும்?

இதற்காக உயரத்தையே மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது என் மேசையில் இருக்கும் கட்டடத்தின் மாடி உயரம் இதே 3.3தான். குறைக்க முடியுமா என்று கட்டடக்கலைஞரைக் கேட்டேன். கூரைக்கடியில் ஏசி குழாய்கள் போக இடம் வேண்டாமா என்றார். நியாயமான பதில். அதனால் வேறு வழி பார்த்தோம். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே துண்டாகப் போட்டால் 7.4 மீட்டர். அதோடு ஒரு மாடித் துண்டு 4.1. இரண்டும் சேர்ந்து 11.5. ஒரு கம்பியில் விரயம் அரை மீட்டரோடு முடிகிறது, மேற்படிவுகளின் எண்ணிக்கையும் குறைகிறது. ஏழு மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நிற்கும் கம்பியை யார் பிடித்துக்கொண்டு நிற்பது என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை வரைபடம் வெளியாகும் முன் நீ என்னிடம் கேட்க வேண்டும். இன்றைய ஏற்பாட்டில் அதற்கு இடமே இல்லை.

டைல்ஸ் கதையும் இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 60 சென்டிமீட்டர் டைல்ஸுக்கு அறை 3.6 மீட்டர் என்றால் ஆறு முழு டைல்ஸ். 3.9 என்றால் கடைசி வரிசைக்கு ஒன்றைப் பாதியாக வெட்டி இரண்டு இடத்தில் ஒட்டலாம். 4 மீட்டர் என்றால்தான் தொல்லை. 40 சென்டிமீட்டர் வெட்டியபின் மிஞ்சும் 20 சென்டிமீட்டர் பட்டை எதற்கும் ஆகாது. முழு எண் அழகாக இருக்கிறது என்பதற்காகவே சிலர் 4 என்று எழுதுகிறார்கள்.

எனக்கு அதிகம் கோபம் வருவது கட்டி முடித்ததை உடைப்பதைப் பார்க்கும்போதுதான். சுவர் எழும்பி, பூச்சும் காய்ந்த பிறகு குழாய்க்காரரின் வரைபடம் வருகிறது. உடனே கொத்து! உத்தரத்தில் துளை விட்டிருக்க வேண்டிய இடத்தில் துளை இல்லை, கான்கிரீட்டைக் குடைகிறார்கள். செங்கல், பூச்சு, கூலி எல்லாம் இரண்டு முறை. எல்லாத் துறை வரைபடங்களையும் கணினியில் ஒரே முப்பரிமாண மாதிரியில் ஏற்றி, எது எதோடு மோதுகிறது என்று முன்கூட்டியே பார்க்கும் வசதி இன்று இருக்கிறது. ஆனால் குழாய்க்கும் மின்சாரத்துக்குமான வடிவமைப்பாளரை அடித்தளம் போட்ட பிறகுதான் நியமிக்கிறார்கள் என்றால் எந்த மென்பொருள் என்ன செய்யும்? அவசரம் என்கிறார்கள். உடைத்துத் திரும்பக் கட்ட மட்டும் நேரம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

இதில் பணத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். விரயத்துக்கென்று ஒரு சதவீதத்தை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுகிறோம். சேர்த்தபின் அது உரிமையாகிவிடுகிறது. ஒப்பந்ததாரருக்கு அதற்குள் இருந்தால் போதும். வடிவமைப்பாளரின் கட்டணத்துக்கும் குப்பை லாரிக்கும் சம்பந்தமே இல்லை. உரிமையாளர் தெரியாமலே எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறார்.

தொட்டியில் விழாத விரயமும் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரிட்டனில் 23 எஃகுக் கட்டடங்களின் வடிவமைப்பை எடுத்து, 10,000க்கும் மேற்பட்ட உத்தரங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக அவற்றின் தாங்குதிறனில் பாதிகூடப் பயன்படவில்லை; அதாவது தேவைக்கு மிஞ்சிய எஃகு கட்டடத்துக்குள்ளேயே நிற்கிறது. முக்கியக் காரணம் அறியாமை அல்ல. பல அளவுகளுக்குப் பதில் சில அளவுகள் போதும், வேலை சுலபமாகும், கூலி மிச்சம் என்ற கணக்குதான். இது எனக்கே தர்மசங்கடமான விஷயம். ஏனென்றால் தூண்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஷட்டரிங் பலகைகளை, அதாவது கான்கிரீட் ஊற்றும் அச்சுகளை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், வெட்டி வீணாக்க வேண்டாம் என்று நானே இளைஞர்களிடம் சொல்லி வருகிறேன். இரண்டும் உண்மை, இரண்டும் எதிரெதிர்த் திசை. என் வழி, தூணின் வெளி அளவை மாடிக்கு மாடி மாற்றாமல் வைத்து, உள்ளே கம்பியையும் கான்கிரீட்டின் தரத்தையும் மேலே போகப் போகக் குறைப்பது. எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தாது; ரொம்ப உயரமானவற்றில் மேல் மாடித் தூண்கள் வீணாகப் பருத்து நிற்கும்.

அடுத்து சாலை வேலைக்குப் போகலாம் என்று எழுதியிருந்தாயே, அங்கே கம்பியை விடு, மண்ணைப் பார். வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் சமமாகும்படி சாலை மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்தாலே லாரிகள் பாதி நின்றுவிடும். களிமண்ணைக் கொட்டிவிட்டு வேறு மண் கொண்டுவருவதற்குப் பதில் சுண்ணாம்பு கலந்து அங்கேயே உறுதிப்படுத்த முடியுமா என்று முதலில் கேள்.

கழிவில் பெரும்பகுதி இடிப்பதிலிருந்துதானே வருகிறது, புதுக் கட்டடத்தைக் குறை சொல்லி என்ன பயன் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு உன் பக்கம்தான். அமெரிக்காவில் 2018இல் உண்டான 60 கோடி டன் கட்டுமான, இடிபாட்டுக் கழிவில் 90 சதவீதத்துக்கும் மேல் இடிப்பிலிருந்து வந்தது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஆனால் இடிப்பதும் வரைபடத்தில் இருப்பதுதான். குழாயைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தால், குழாய் கெட்டுப்போகும் நாளில் கான்கிரீட்டையும் உடைக்க வேண்டும். வெல்டிங் செய்த இணைப்பை அறுக்க வேண்டும், போல்ட் போட்டதைக் கழற்றலாம். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சி மண்டபம் 24 அடிக் கட்டங்களில், ஒரே மாதிரியான இரும்பு, மர, கண்ணாடி உறுப்புகளால் ஆனது. கண்காட்சி முடிந்ததும் பிரித்து எடுத்துப்போய், 1854க்குள் சிடன்ஹாமில் இன்னும் பெரிதாகக் கட்டிவிட்டார்கள்.

மறுசுழற்சி விழுக்காடுகளைக் கண்டு மயங்காதே என்றும் சொல்லிவைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல், 2020க்குள் கட்டுமானக் கழிவில் எடைக்கணக்கில் 70 சதவீதத்தை மீட்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல கான்கிரீட்டை நொறுக்கிப் பள்ளத்தில் நிரப்பினாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். துண்டுக் கம்பியை எடை போட்டு விற்பதற்கு முன், ஒரு மாடிக்கு மட்டும், ஒவ்வொரு துண்டின் விட்டம், நீளம், எந்த உறுப்புக்கு வெட்டியபோது மிஞ்சியது என்று குறித்து அனுப்பு. எடை எனக்கு உதவாது. நீளம் தெரிந்தால்தான் வரைபடத்தின் எந்த அளவு அதை உண்டாக்கியது என்று தேட முடியும். உடைத்த சுவர்களின் பட்டியலும் கிடைத்தால் சேர்த்து அனுப்பு; யார் உத்தரவில் உடைத்தார்கள் என்பதையும் எழுது, சண்டை போட மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்