ராஜினாமா கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடியோ கேம் துறையில் வேலைவாய்ப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் எந்தப் படிப்பு, எந்த சாஃப்ட்வேர், ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் இருந்தது. கிடைத்த வேலை எப்படிப் பறிபோகிறது என்பது மட்டும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து இந்த வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பும் பிள்ளைகளுக்கும், அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

2023 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் சுமார் 830 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேர், கேம் துறையின் யூனிட்டி நிறுவனம் 1,800 பேர், ரயட் நிறுவனம் 530 பேர். பிப்ரவரியில் சோனி 900 பேர். கேம் ஓடவில்லை, அதனால் ஆட்குறைப்பு என்று நினைக்க வேண்டாம். ‘ஹை-ஃபை ரஷ்’ 2023ல் வந்து நல்ல பெயர் எடுத்தது. அதை உருவாக்கிய ஜப்பான் ஸ்டுடியோவை மூடப்போவதாக மறு ஆண்டு மே மாதமே மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கொரோனா காலத்தில் விற்பனை ஏறியது, வட்டியும் குறைவு. அந்த வேகத்தில் ஸ்டுடியோக்களை வாங்கிக் குவித்து ஆள் எடுத்தார்கள். வட்டி ஏறி, விற்பனை பழைய நிலைக்குத் திரும்பியதும் சம்பளப் பட்டியலில் கை வைத்தார்கள். எம்ப்ரேசர் என்ற கேம் குழுமம் நம்பியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் 2023 மே மாதம் கைநழுவியது; ஆகஸ்டிலேயே அதன் 30 ஆண்டுப் பழைய வோலிஷன் ஸ்டுடியோ மூடப்பட்டது.

இந்த அடி நம் ஊர்களுக்கு அவுட்சோர்சிங், அதாவது வெளிநாட்டு ஸ்டுடியோவின் வேலையை இங்கே வாங்கிச் செய்வது வழியாக வருகிறது. வெளிநாட்டு ஸ்டுடியோ ஒரு பட்டியல் தரும்: இத்தனை கேரக்டர், இத்தனை ஆயுதம், இந்தத் தேதிக்குள். ஒரு கேரக்டருக்கு ஸ்கல்ப்ட் (கணினியில் உருவம் செதுக்குவது), அதன் பாலிகன்களை (உருவத்தை ஆக்கும் சிறு பட்டைகளை) குறைத்து மறுபடி கட்டுவது, யுவி விரிப்பது (மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது), டெக்ஸ்சர் (மேற்பரப்பின் நிறமும் தோற்றமும்), ரிக்கிங் (அசைவதற்கு எலும்புக்கூடு பொருத்துவது) என்று வரிசையாக வேலை. பணம் மைல்ஸ்டோன் கணக்கில், ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகுதான் வரும். இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு விலை பேசியிருப்பார்கள். மூன்றாவது, நான்காவது சுற்றும் வரும். அந்தக் கூடுதல் வேலைக்குக் காசு இல்லை, ஆர்ட்டிஸ்டின் இரவுத் தூக்கம்தான் விலை. அங்கே புராஜெக்ட் ரத்தானால் இங்கே ஒரு டீமே கையில் வேலையின்றி நிற்கும்.

கேமில் பிழை தேடும் டெஸ்டர்களின் பாடு இன்னும் மோசம். அமெரிக்காவில் பகலில் தயாராகும் பில்ட் (சோதிக்க வேண்டிய கேமின் புதுப் பதிப்பு) நமக்கு இரவில் வரும். வெளியீட்டுக்கு முன், கேம் ஓடும் கருவிகளைத் தயாரிக்கும் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகியவற்றின் பரிசோதனையில் கேம் தேற வேண்டும். தோற்றால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். விளம்பரத்துக்குச் செலவழித்துவிட்டதால் வெளியீட்டுத் தேதியைத் தள்ள மனம் வராது. முன்கட்டத்தில் விழுந்த தாமதம் முழுவதும் கடைசி வாரங்களில் இவர்கள் தலையில் விடியும். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் உழைத்தால் இரட்டைச் சம்பளம். பீட்சா வாங்கிக் கொடுப்பது ஓவர்டைம் ஆகாது. எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தோம், போனோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். இங்கே ஆட்குறைப்பு பெரும்பாலும் ஆட்குறைப்பு என்ற பெயரில் நடப்பதில்லை. பதினைந்து நிமிட மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்’ என்பார்கள். வெளியே வருவதற்குள் லேப்டாப் பூட்டப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட்டால் நீங்களாக விலகியவர். ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை அனுப்ப ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். இதுபோக, புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய், சர்வீஸ் மூன்று வருடம் என்றால் நோட்டீஸுக்கு 40,000, இழப்பீடு சுமார் 60,000, மறுதிறன் நிதி சுமார் 20,000. ஆக 1,20,000 ரூபாயை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள். ‘லீட்’ (குழுவை வழிநடத்துபவர்) என்று பதவிப் பெயர் இருப்பதாலேயே தொழிலாளி இல்லை என்றாகிவிடாது; உண்மையில் பார்க்கும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

நிறுவனம் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்து ராஜினாமா கேட்டால் ஏற்பதில் தவறில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். இல்லையென்றால், ‘வேலைநீக்க உத்தரவை எழுத்தில் தாருங்கள்’ என்று சொந்த மெயிலிலிருந்து ஒரு வரி எழுதினால் போதும். மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கே அதைக் குறிப்பிட்டு மெயில் அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் வலு குறைந்துவிடும். வேலைநீக்கத்தை எதிர்த்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். எப்படி விலகினாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலைநாளில் வந்தாக வேண்டும்.

அன்று வட்டித் தொழிலுக்குப் பர்மா போனவர்கள்கூட மூன்று வருடத் தவணை பேசி, ‘சம்பளச் சீட்டு’ என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். இன்று நம் பிள்ளைகள் ஆஃபர் லெட்டரில் மாதத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பல்லவன் ரயில் ஏறுகிறார்கள். ஆஃபர் லெட்டரில் சொல்வது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா என்று பாருங்கள். கட்டணம் என்று சொல்லி 10 சதவீதம் வரி பிடித்தால் உங்களை ஊழியராகவே கணக்கில் வைக்கவில்லை, பி.எஃப்.பும் இருக்காது. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் சொந்த மெயிலில் வைத்திருங்கள். கம்பெனி ஃபைல்களை மட்டும் எடுக்கக் கூடாது, அது வழக்கில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று. வேலை விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தால், ரத்தான கேமுக்குச் செய்த வேலையை வெளியில் காட்டவே முடியாது. இரண்டு வருட உழைப்புக்குப் பிறகும் அடுத்த இன்டர்வியூவில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அதனால் வேலையில் சேர்ந்த பிறகும் சொந்தமாக ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் ஒன்று, கானாடுகாத்தான் வீட்டு முகப்புத் தூண் ஒன்று போதும். கண்ணாடி மேல் வார்த்த அந்தக் கல்லின் பளபளப்பும், கால் பட்டுத் தேய்ந்த இடத்தின் மங்கலும் சரியாக வந்தால் அதுவே டெக்ஸ்சர் வேலைக்குச் சான்று. ஓய்வு நேரத்தில் செய்வதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் வரி இருந்தால், சேரும் முன்பே அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லூரிகளின் பிளேஸ்மெண்ட் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வளாகத்துக்கு வரும் கேம் நிறுவனங்களிடம் நேரடி நியமனமா, புராஜெக்ட் ஒப்பந்தமா, பி.எஃப். உண்டா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். தாங்களும் அடுத்த முறை இத்துறை பற்றிக் கட்டுரை போடும்போது, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் எழுதி வாங்கிப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி